சோசம்மா தொலைத்த ஈர்க்குகள்

1

ஒப்புக்கொள்கிறேன், நான் எழுத உட்கார்ந்தது கட்டுரைதான். புல்பள்ளியில் இருபது வருஷமாகப் புள்ளியியல் வாத்தியார் நான், ஊர்வாயில் ‘மாஷ்’. விளைச்சலின் விலை விழுந்தால் விவசாயிகளின் தற்கொலைகள் கூடுகின்றன, சரி. விலை எகிறும்போதும் ஏன் கூடுகின்றன? ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு நான் போட்ட வரைபடத்திலும் இரண்டு மேடுகள், விலை விழுந்தபோது ஒன்று, எகிறியபோது ஒன்று. விடைதான் இல்லை.

2

கட்டுரையை விட்டுக் கதையாக எழுதப் பார்த்தேன். முதல் தொடக்கம்: ‘வனிலாக் கொடியில் சாவு பூத்த அந்த...’ (சீ! அடித்துவிட்டேன்.)

அடுத்தது: ‘சோசம்மா ஒரு தேவதை.’ (படித்தால் அவளே செருப்பைக் கழற்றுவாள்.)

நடந்தபடியே சொல்கிறேன். வனிலாப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் ஆள்தான் தென்னை ஈர்க்கால் மகரந்தம் ஒட்டவேண்டும். சோசம்மாவுக்கு அதுதான் கூலிவேலை. விலை அதலபாதாளத்துக்குப் போனதும் ஊரே கொடியைப் பிடுங்கியது. அவள் வேலை பார்த்த தோட்டத்தின் சொந்தக்காரர் அவறாச்சன் பிடுங்கவில்லை. வீட்டைவிட்டு வெளியே வரவுமில்லை. சோசம்மா மட்டும் தினமும் போய்க் கதவைத் தட்டினாள்.

“அவறாச்சன் சேட்டா! ஈர்க்கு தொலைஞ்சுபோச்சு. வந்து ஒண்ணு ஒடிச்சுக் குடுங்க.”

“நேத்தும் தொலைச்ச. விக்காத காய்க்கு எதுக்குடீ இந்தப் பாடு?”

“கூலி குடுக்கிற மாதிரிதான் பேச்சு! வாங்க வெளியே.”

திட்டிக்கொண்டே வருவார். ஒடித்துக் கொடுப்பார். வெயிலில் கொஞ்சம் நிற்பார்.

(அவள் மேலே போட்டிருந்த வேலைச்சட்டைப் பையில் ஒரு கட்டு ஈர்க்கு இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.)

“சேச்சி, இவ்வளவு வெச்சுக்கிட்டா?”

“மெதுவாப் பேசுங்க மாஷே. எங்க வீட்டுக்காரர் உசுர மாய்ச்சுக்கிட்டப்போ வெல உச்சத்துல இருந்துச்சு. காய் திருட்டுப் போயிடும்னு அவனவன் தோட்டத்துலயே காவல் கெடந்தான். எங்க கதவ யாரு தட்டினா?”

இரண்டு மேடுகளுக்கும் நடுவில் நான் தேடியது இதுதான், யாரும் தட்டாத கதவு. என்ன பெண்ணம்மா இவள்! வாத்தியார் நான், இவளுக்கு எழுந்து நிற்கவேண்டும் போலிருந்தது.

3

இன்று சோசம்மாவுக்குக் காய்ச்சல். “நீங்க போங்க மாஷே. கைய வீசிக்கிட்டுப் போங்க, ஈர்க்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க” என்றாள்.

அவறாச்சன் வாசலுக்கு வந்துவிட்டேன். தட்டிவிட்டேன். உள்ளே சத்தமில்லை.

முடிவு ஒன்று: கதவு திறக்கிறது, திட்டு விழுகிறது.

முடிவு இரண்டு: (கிழித்துவிட்டேன். தேடாதீர்கள்.)

எனக்கு எண்ணத் தெரியும், கூப்பிடத் தெரியாது. நீங்களும் இந்த வாசலில்தான் நிற்கிறீர்கள். பூ மதியம்வரைதான் தாங்கும். கூப்பிடுங்கள், “அவறாச்சன் சேட்டா, ஈர்க்கு தொலைஞ்சுபோச்சு” என்று.

இன்னும் சத்தமாக.