கதவோடு வந்தவன்

நோர்டால் ஊரில் முதன்முதலில் குடியேறியவர் யார் என்ற கேள்விக்கு ஆர்டிஸிடம் இரண்டு பதில்கள் இருந்தன. பிறந்த வீட்டுப் பதில், ஓலவ் லுண்டே. புகுந்த வீட்டுப் பதில், குல்லிக் பக்கே. இருவரும் நார்வேயிலிருந்து வந்தவர்கள். வடக்கு டகோட்டாவின் அந்தப் புல்வெளியில் ஒரே வருஷம் மண்கட்டி அடுக்கி வீடு கட்டியவர்கள். யார் முந்தி என்பதை நேரில் பார்த்தவை அவரவர் எருதுகள்தான். அவை கடைசிவரை வாய் திறக்கவில்லை.

ஊரின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கென்று சேவைச் சங்கம் ஒரு கருங்கல் வாங்கியிருந்தது. "இம்மண்ணில் முதலில் காலூன்றியவர்" என்று மேலே பொறித்தாயிற்று. கீழே பெயர் போட வேண்டிய இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று முடிவாகாமல், கல் லுத்தரன் தேவாலயத்துக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. சங்கத்தின் தலைவர் ஆர்டிஸின் கணவர் மெர்ல் பக்கே. பொருளாளர் அவளுடைய தம்பி கான்ராட் லுண்டே. செவ்வாய்க்கிழமை மதியம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கம் கூடும்போது மச்சான்கள் இருவரும் மேஜையின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்துகொண்டு மழையைப் பற்றியும் கோதுமை விலையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொள்வார்கள். நடுவில் உட்காருவது ஆர்டிஸ்.

அந்த வருஷம் பேச்சாளர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவளுடையது. ஊர் வரலாறு தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டுப் பெயர்ப் பிரச்சினையை முடித்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் ஊரில் வரலாறு தெரிந்தவர் எல்லோரும் ஏதாவது ஒரு வீட்டுக்குச் சம்பந்தி. கடைசியில் வடக்கே டகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில் இருந்த கல்லூரிக்குப் போன் செய்தாள்.

"எங்க மாவட்டத்தோட முதல் குடும்பங்களைப் பத்திப் பேச ஒரு ஆள் வேணும்ங்க. ரெண்டு கட்சிக்கும் வேண்டாத ஆளா இருந்தா நல்லது."

மறுமுனையில் இருந்த பெண் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாத ஆள்தானே," என்றாள். "நானே வரேன்."

போனை வைத்த பிறகுதான், தான் யாரிடம் என்ன கேட்டோம் என்பது ஆர்டிஸுக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டு விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் ஆவலாகவும் இருந்தது.

போனில் பேசிய டெல்ஃபீன் ரெட்ஃபாக்ஸ் ஐம்பதைத் தாண்டியவள். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு, கையில் ஒரு தாள்கூட இல்லாமல் வந்தாள். மெர்ல் மணியடித்தார். கொடி வணக்கம் ஆயிற்று, பாட்டு ஆயிற்று, மாட்டிறைச்சிமேல் உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்ட ஹாட்டிஷும் ஆயிற்று. காப்பி வந்ததும் அவள் எழுந்தாள்.

"முதல் குடும்பங்களைப் பத்திப் பேசணும்னு கூப்பிட்டீங்க," என்றாள். "ரொம்ப நன்றி. இந்த ஊர்ல இருந்து எங்களை யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

யாருடைய முள்கரண்டியோ தட்டில் கிணுங்கியது. மெர்ல் மனைவியைப் பார்த்தார். ஆர்டிஸ் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அதில் அவள் சர்க்கரை போடவே இல்லை.

"பயப்படாதீங்க. உங்க ஆளைப் பத்தியும் சொல்றேன். இங்க முதல்ல வந்த வெள்ளைக்காரரை எங்க ஜனங்க பார்த்திருக்காங்க. வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் எங்க கொள்ளுப்பாட்டன் வீட்டார் வில்லோ ஓடைக் கரையிலதான் கூடாரம் போடுவாங்க."

பக்கேயும் லுண்டேயும் ஒரே நேரத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"தனியா வந்தார். ஒரு எருது, ஒரு வண்டி. வண்டியில கதவு ஒண்ணு. கண்ணாடி பதிச்ச நல்ல மரக் கதவு. வீடு கிடையாது, கதவு மட்டும்தான். ராத்திரி அதைப் புல்வெளியில நிக்க வெச்சு, முட்டுக் கொடுத்து, அதுக்குப் பின்னாடி படுத்துக்குவாராம். காலையில கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வருவாராம். நாலு பக்கமும் வெட்டவெளி. அதனால எங்க ஆளுங்க அவருக்கு வெச்ச பேரு, 'கதவோட வந்தவன்.'"

சிரிப்பு எழுந்தது. கல்லில் பொறிக்கத் தோதான பெயர் வரும் என்று காத்திருந்த மெர்லும் சிரித்துவைத்தார்.

"அப்புறம் ஓடைக்கரைப் பள்ளத்துல வீடு தோண்ட ஆரம்பிச்சார். வேண்டாம், பனி உருகினா தண்ணி இதுவரைக்கும் வரும்னு எங்க ஆளுங்க மரக்கிளையைத் தொட்டுக் காட்டினாங்க. அந்த உயரத்துக்கு வீடு கட்டச் சொல்றாங்கன்னு நினைச்சுக்கிட்டார். தலையை ஆட்டிச் சிரிச்சார். வசந்தத்துல வெள்ளம் வந்தது. கதவு மிதந்தது. கதவு மேல குப்புறப் படுத்துக்கிட்டு அவரும் மிதந்தார். எங்க ஆளுங்க கயிறு போட்டு இழுத்தாங்க. காய வெச்சாங்க. சூப் குடுத்தாங்க. அவர் நேரா போய், அதே பள்ளத்துல மறுபடியும் தோண்டினார்."

இப்போது மேஜையின் இரண்டு கோடியிலும் நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

"மூணாவது தடவை இழுத்துப் போட்டப்ப எங்க கொள்ளுப்பாட்டனுக்கு அலுத்துப்போச்சு. இந்த மனுஷன் சொன்னா கேக்க மாட்டான், கதவு எங்க இருக்கோ அங்கதான் இருப்பான்னு சொல்லி, நாலு பேரா கதவைத் தூக்கிட்டுப் போய் மேட்டு மேல நட்டுட்டாங்க. அவரும் பின்னாடியே வந்தார். அந்த மேட்டுலதான் நாம இப்ப சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

கீழ்த்தளம் முழுக்கச் சிரித்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சரி, அது பக்கேயா லுண்டேயா?"

மெர்ல் எழுந்தார். முகத்தில் பெருந்தன்மை வழிந்தது. "யோசிச்சுப் பார்த்தா, இத்தனை வருஷமா நாங்கதான் வீண் பிடிவாதம் பிடிச்சுட்டோம். எங்க குல்லிக் விவரமான ஆளு, பள்ளத்துல வீடு கட்டியிருக்க மாட்டார். ஓலவ்தான் முதல். மச்சான், வாழ்த்துக்கள்."

"அவசரப்பட்டு விட்டுக்கொடுக்காதே மச்சான்," என்றார் கான்ராட். "அப்பா காலத்துல இருந்து நீங்கதான் முதல்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க. இன்னைக்கு நாங்க ஒத்துக்கறோம். கல்லுல குல்லிக் பேரையே போடு."

"ஓலவ்தான்யா. கதவுன்னாலே உங்க வீட்டு ஆளுங்களுக்கு ஒரு இது."

"ஓலவ்கிட்ட கதவு வாங்கக் காசு ஏது? எங்க வீட்டு வாசல்ல ரொம்ப நாள் கோணிச் சாக்குதான் தொங்கிச்சு."

"எங்க குல்லிக் கோழிக்குக்கூட மேடு பார்த்துக் கூண்டு வெப்பார்."

"போன வசந்தத்துல உன் கார் கேரேஜுக்குள்ள தண்ணி வந்துச்சே, அது யாரு பார்த்த இடம்?"

நாற்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "ரெண்டு பேரும் உட்காருங்க," என்றாள் ஆர்டிஸ். "யாரா இருந்தாலும் என் பிள்ளைங்களுக்குத் தாத்தாதான். முட்டாள்தனம் அதுங்களுக்கு எந்தப் பக்கத்துல இருந்து வந்தா என்ன?"

மருந்துக்கடைக்காரர் விருந்தாளியைப் பார்த்தார். "அவர் பேரு தெரியாதாங்க?"

"நாங்க கேக்கல," என்றாள் டெல்ஃபீன். "அவரும் எங்க பேரைக் கேக்கல." சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "கதை இன்னும் முடியலைங்க."

குரல் மாறவில்லை. அதே நிதானத்தில்தான் சொன்னாள். மேட்டில் வீடு எழுந்தது. கதவு பொருத்தினார். நில அலுவலகத்தார் வந்து அளந்தார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் அவளுடைய கொள்ளுப்பாட்டன் வீட்டார் வழக்கம்போல ஓடைக்கரைக்கு வந்தபோது சுற்றிலும் கம்பிவேலி இருந்தது. கதவோடு வந்தவர் அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தார். இது என் நிலம், போங்கள் என்று கையைக் காட்டினார். அவருடைய சைகையைப் புரிந்துகொள்வதில் அவர்களுக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

"அவ்வளவுதான். காப்பிக்கு நன்றி," என்று உட்கார்ந்தாள்.

மெர்ல் மணியடித்தார். சங்கத்தின் பெயர் போட்ட கோப்பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். "ரொம்ப சுவாரசியமா இருந்துச்சு" என்று ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கினார்கள். அந்த ஊரில், பிடிக்காத பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

கதை அங்கேயே நின்றிருக்கும். ஆனால் மருந்துக்கடைக்காரர் வாய் சும்மா இருக்கவில்லை. மாவட்டப் பத்திரிகையில் வந்தது, பிறகு ஃபார்கோ நகரப் பத்திரிகையிலும் வந்தது. வெள்ளத்தில் கதவுமேல் மிதக்கும் மனிதனை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ரொட்டிக்கடையில் கதவு வடிவத்தில் பிஸ்கட் போட்டார்கள். வெளியூர்க் கார்கள் வந்து மேட்டில் நின்றன. ஒரு மாதம் கழித்து மெர்ல் கொட்டகையிலிருந்து துருப்பிடித்த கீல் ஒன்றை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"குல்லிக்கோட கதவுக் கீல்," என்றார்.

"நேத்து கான்ராட்டும் ஒரு கீல் காட்டினான்," என்றாள் ஆர்டிஸ்.

"அவன் கீல் எப்படி இருக்கு?"

"இதே மாதிரிதான். ரெண்டையும் சேர்த்தா ஒரு கதவு மாட்டலாம்."

கடைசியில் கல்லில் பெயருக்குப் பதிலாக "கதவோடு வந்தவர்" என்றே பொறித்தார்கள். இரண்டு வீட்டாரும் தத்தம் ஆளை மனதில் வைத்துக்கொண்டு கைதட்டினார்கள். விழா ஊர்வலத்தில் அந்தக் கதையை ஒரு வண்டியில் நடித்துக் காட்டுவதாகவும் முடிவாயிற்று. வெள்ளத்தில் மிதக்கும் பாதி கான்ராட்டுக்கு, மேட்டில் குடியேறும் பாதி மெர்லுக்கு. ஒலிபெருக்கியில் கதை சொல்வது ஆர்டிஸ்.

நாடகத்தைப் படித்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "வேலி எங்க?"

"வண்டியில இடமில்ல," என்றார் மெர்ல்.

"ஒரு கம்பி நட எவ்வளவு இடம் வேணும்?"

"ஆர்டிஸ், இது விழா. குழந்தைங்க இருப்பாங்க. கதவைத் திறந்து நான் கையசைக்கிறதோட பாண்டு வாத்தியம் வந்துடும்."

டெல்ஃபீனை விழாவுக்கு அழைக்கப் போன் செய்து நாடகத்தைப் பற்றிச் சொன்னபோதும் மறுமுனையிலிருந்து வந்த முதல் கேள்வி அதுவாகவே இருந்தது.

"வேலி இருக்கா?"

"இடமில்லைங்கறாங்க," என்று சொல்வதற்குள் ஆர்டிஸுக்குக் காது சூடேறியது.

"எங்ககிட்டயும் அதையேதான் சொன்னாங்க," என்றாள் டெல்ஃபீன். கோபமாகச் சொல்லவில்லை. வரப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

விழாவன்று வெயில் நன்றாக அடித்தது. கான்ராட் வண்டியின் கீழ்த்தட்டில் கதவின்மேல் படுத்து மிதந்தார். தீயணைப்புப் படையினர் குழாயால் தண்ணீர் அடித்தார்கள். தெருவே ஆரவாரித்தது. சேவைச் சங்கத்தார் நாலு பேர் கதவைத் தூக்கி வண்டியின் மேல்தட்டில் நட்டார்கள். டகோட்டா வேஷம் போட வேண்டாம், சாதாரணச் சட்டையே போதும் என்று ஆர்டிஸ் முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். வண்டி தேவாலயத்துக்கு எதிரே நின்றது. மெர்ல், தொப்பி அணிந்து, ஒட்டுத்தாடியோடு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து கையை உயர்த்தினார்.

பாண்டுக்காரர்கள் ஆர்டிஸின் சைகைக்காகக் காத்திருந்தார்கள். அவள் சைகை செய்யவில்லை. மைக்கை வாயருகே இழுத்து, டெல்ஃபீன் சொன்னதை அப்படியே சொன்னாள். அடுத்த இலையுதிர் காலம். கூடாரக் கழிகளோடு வந்தவர்கள். கம்பிவேலி. கதவு திறந்தது. இது என் நிலம், போங்கள்.

மெர்ல் கதவு வாசலில், உயர்த்திய கையோடு நின்றிருந்தார். இறங்கலாம் என்றால் ஏணி வண்டியின் பின்பக்கம் இருந்தது. கதவுக்குள் திரும்பிப் போகலாம் என்றால் அதுவும் தெருவுக்கே தெரியும். கை மெல்ல மெல்ல இறங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல், சட்டைப் பையைத் தேடியது.

கீழே சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்த கான்ராட் நிமிர்ந்து பார்த்தார். "நல்லவேளை மச்சான்," என்றார், அடங்கிய குரலில். "இந்தப் பாதி உன்னோடதாப் போச்சு."

அப்புறம்தான் ஆர்டிஸ் கையசைத்தாள், பாண்டு வாத்தியம் முழங்கியது. கொஞ்சம் தயங்கிக் கைதட்டலும் வந்தது.

வீட்டில் மாலைவரை மெர்ல் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஒட்டுத்தாடியின் பசை போகத் தேய்த்துத் தேய்த்துத் தாடை சிவந்திருந்தது. ஆர்டிஸ் காப்பி வைத்து எதிரே உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தாள். வேண்டாம் என்றே பட்டது.

"அந்தம்மா வந்திருந்தாங்களா?" என்றார் மெர்ல் கடைசியில்.

"வந்திருந்தாங்க. குடும்பத்தோட. பிஸ்கட் கடைகிட்ட நின்னாங்க."

"பேசினியா?"

"பேசினேன்."

மெர்ல் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க," என்றாள் ஆர்டிஸ். "நீ ரொம்ப இயல்பா நடிச்சியாம்."