ஆலைப் பாலத்தில் தண்ணீர்

ஷாமலா ஈரப்பஞ்சால் அப்பா வின்சன்டின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "பாலத்துல தண்ணி ஏறிருச்சா?" என்று கேட்டார்.

"எந்தப் பாலம்ப்பா? பேராதனையா?"

"ஆலைப் பாலம்."

கண்டியில் அப்படியொரு பாலம் இருப்பதாக ஷாமலாவுக்குத் தெரியாது. "ஏறலப்பா" என்று சும்மா சொல்லி வைத்தாள். வின்சன்ட் கண்ணை மூடிக்கொண்டார். வெயில் ஏறுமுன் மூச்சு நின்றுவிட்டது.

தங்கள் மஹய்யாவ வீட்டின் முன்னறையில் சவப்பெட்டியை இறக்கி வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பாலம் இங்கிலாந்தில், எல்ம்கோட் என்ற சின்னக் கிராமத்தில் இருந்தது.

அப்பா தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். அங்கே புதைந்து கிடந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல்லறையைப் படம் பிடித்து, துரையின் சொந்த ஊரான எல்ம்கோட்டின் சரித்திரச் சங்கத்துக்கு அனுப்பினார். அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்து வந்தால் போனில் அவர்களோடுதான் பேச்சு. மாவு ஆலை எப்போது எரிந்தது, தேவாலய மணி எப்படி விரிசல் விட்டது, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பேசாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"நம்ம ஆளுங்கள லயத்து ஒத்தை அறையில அடைச்சவன் ஊருக்கதை நமக்கு எதுக்குப்பா?" என்று ஒருமுறை எரிந்து விழுந்திருக்கிறாள்.

"நம்ம ஊரு இந்தியாவுல எங்கன்னு கேட்டா சொல்ல ஒருத்தரும் இல்ல. இவங்க கேட்டதெல்லாம் சொல்றாங்கம்மா" என்றார். அது பதிலா என்று அன்றும் அவளுக்கு விளங்கவில்லை.

தம்பி சாந்தகுமார் அருகில் வந்தான். "அக்கா, பூசையில சொல்றதுக்கு ஃபாதர் அப்பாவோட பூர்வீகம் கேக்குறாரு. திருச்சியா, புதுக்கோட்டையா?"

அவள் வாய் திறக்குமுன் அப்பாவின் போன் அடித்தது. திரையில் சங்கத்து டொரத்தி. நரைமுடி நனைந்திருந்தது. ராத்திரி ஆறு பெருகி ஆலைப் பாலம் மூழ்கிவிட்டதாம். ஊரே தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருக்கிறதாம். பழைய வெள்ளங்களின் கணக்கை வைத்து வின்சன்ட் போன வாரமே எச்சரித்தாராம், அவரிடம் சொல்ல வேண்டுமாம்.

அப்பா இறந்துவிட்டதை ஷாமலா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். டொரத்தி திரும்பி யாரையோ கூப்பிட்டாள். மழைக்கோட்டோடு கிழவர்களும் கிழவிகளும் ஒவ்வொருவராக வந்து திரைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அப்பாவைப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார்.

"யாருக்கா இவங்க?"

ஷாமலா பெட்டியின் தலைமாட்டில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, போனை அதில் சாய்த்து வைத்தாள்.

பக்கத்து வீட்டுக் கறுப்பையா வந்து, பெட்டியின் முன் சிலுவை போட்டுக்கொண்டு, அந்தக் கதிரையை நோக்கி நகர்ந்தார்.

"அதுல ஆள் இருக்காங்க மாமா" என்றாள் ஷாமலா.

அவர் குனிந்து போனைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளி, அடுத்த கதிரையில் உட்கார்ந்தார்.