வெள்ளை மொர்வானின் இருபத்திரண்டு பூச்சுகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்கப் போவதில்லை. பாரிஸை ஒட்டிய லெவல்லுவாவில் முப்பது வருடமாக இருக்கிறேன். இங்குள்ள பழைய கார் சங்கத்தின் செயலாளர் சொலான்ஜ், 1907-இல் எங்கள் தெருவில் உருவான 'மொர்வான் நாற்பது' என்ற சொகுசுக் காரின் வரலாற்றை ஆண்டு மலருக்குக் கேட்டார். எழுதினேன். திருப்பித் தந்துவிட்டார்.

"காரைப் பத்தி எழுதச் சொன்னா, எவனோ குடிகாரனைப் பத்தி எழுதியிருக்கீங்களே!"

2

என் முதல் தொடக்கம்: "தந்தம் போல் மின்னிய அந்த வெண்ணிற உடல்..." வேண்டாம். இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

இரண்டாவது: அனத்தோல் கெரிவெல் அந்தக் காரை உப்புத்தாளால் தேய்த்தவன். ஈய வெள்ளையை இருபத்திரண்டு முறை பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சு காய்ந்ததும் அவன் தேய்ப்பான். ஈயத் தூள் நெஞ்சுக்குள் இறங்கும்; அது மெல்ல ஏறும் நஞ்சு. தூள் பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டான்.

"இது காரா, கழுதையா, குளிப்பாட்டுறதுக்கு? மாசம் நாலு வண்டி போயாகணும். தேய்யா!"

(மேஸ்திரியைக் கொஞ்சம் நல்லவராக்கிப் பார்த்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

3

இரண்டே வருடத்தில் ஈய நஞ்சேறி அனத்தோலின் மணிக்கட்டுகள் தொங்கிப்போயின. ஸ்பூன்கூடப் பிடிக்க வரவில்லை. ஆலை மருத்துவர் 'மிதமிஞ்சிய குடி' என்று எழுதினார். அந்த ஒரு வரியில் வேலை போனது.

அவன் மனைவி ஸெலி சும்மா இருக்கவில்லை. பாரிஸ் கண்காட்சியில், வெள்ளைக் காரின் பக்கத்தில் நின்ற முதலாளியின் முன்னால் புருஷனைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கிளாஸில் ஒயினை ஊற்றிக் காரின் கால்பலகையில் வைத்தாள்.

"குடிகாரனாமே என் புருஷன்? இதைத் தூக்கச் சொல்லுங்க ஐயா, பாப்போம்!"

அனத்தோல் குனிந்தான். விரல்கள் கிளாஸைத் தொட்டன. தூக்க முடியவில்லை.

"விடு ஸெலி, வெக்கமா இருக்கு."

"வெக்கப்பட வேண்டியது நீயில்லய்யா."

(சிவப்பு ஒயின் வெள்ளைப் பூச்சின்மேல் கொட்டி... என்று எழுதப் போனேன். கொட்டவில்லை. ஸெலி நாளிதழுக்கு எழுதி, அச்சேறாமல் போன கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.)

4

கார் அன்று பரிசு வாங்கியது. அதிலிருந்து மூன்றாம் வருடம் அனத்தோல் செத்தான், வயது நாற்பத்தொன்று. அவனை எடுத்துவிட்டால் அச்சிடலாம் என்றார் சொலான்ஜ். முடியாது என்று சொல்லிக் கட்டுரையை நானே வைத்துக்கொண்டேன்.

முதலாளி என்ன பதில் சொன்னார்? "அவர் என்னைப் பார்க்கவில்லை, காவலாளியைப் பார்த்தார்" என்கிறது ஸெலியின் கடிதம். அவர் தலைகுனிந்தார் என்று நான் எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அந்த மரியாதையை அவருக்குத் தர எனக்கு மனமில்லை.

சுற்றி ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள். அதில் ஒருவர் வாய் திறந்ததாக எழுத மூன்று நாள் முயன்றேன்; பொய்யாகவே வந்தது. காவலாளி ஸெலியின் தோளைப் பிடித்துவிட்டான். அங்கே நின்றிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்த வரியை நீங்களே எழுதுங்கள். உண்மையாக எழுதுங்கள்.