பைக்குத் திரும்பாத எழுத்து

குலுக்கல் நடந்த அறையில் மேசைக்குப் பின்னால் மேனேஜர். அவருக்கு வலப்பக்கம், பையைப் பிடித்தபடி ஸ்டோர் கீப்பர். எதிரே பெஞ்சுகளில் ஆலைத் தொழிலாளர்கள் அறுபத்து நான்கு பேர். முன்வரிசை ஓரத்தில் அக்கா, அவளை ஒட்டி நான். என் கணவர் கதவோரம் நின்றார்.

ஆலைக் குடியிருப்பில் காலியாக இருந்தது ஒரே வீடு. எண் கொடுத்தால் முதல் எண் யாருக்கு என்று சண்டை வருகிறதாம். அதனால் எட்டு எழுத்துகளை வைத்து ஆளுக்கொரு இரண்டெழுத்து டோக்கன். எனக்கு ‘மப’, அக்காவுக்கு ‘மம’. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் அவளுடைய வீட்டுச் சொந்தக்காரர்.

மேனேஜர் பைக்குள் கைவிட்டு, எழுத்து பொறித்த ஒரு மரவில்லையை எடுத்தார். ம.

“பாதி வந்துருச்சுடி,” என்று அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

வில்லையை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி கைவிட்டார். ப.

“உனக்காவது விழுந்துச்சே. மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க?” என்றாள் அக்கா.

நான் மேசைமேல் கிடந்த வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் எழுத்துக்கு ஒரு வில்லைதான்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். “முதல் எழுத்துக்கு எட்டு வழி. அதை வெளியில வெச்சுட்டா ரெண்டாவதுக்கு ஏழுதான். எட்டேழு அம்பத்தாறு. டோக்கனோ அறுபத்து நாலு. ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்த எட்டு பேருக்கு எத்தனை வருஷம் குலுக்கினாலும் விழாது.”

“அடுத்த தடவை திருப்பிப் போடச் சொல்லு.”

“அக்காவுக்கு ஏதுங்க அடுத்த தடவை?” ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான், விழுந்த வீட்டை வேறு ஆளுக்கு மாற்றக் கூடாது என்பது ஆலை விதி; அவளுக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது, எங்களோடு வைத்துக்கொள்ளவும் முடியாது.

“மறுபடி குலுக்கினா நமக்கு என்ன வாய்ப்பு?”

“அறுபத்து நாலுல ஒண்ணு.”

“உங்கக்காவுக்கு?”

“அதே ஒண்ணு.”

“ஆக, ரெண்டு பேரும் தெருவுல நிக்க நீயே மனு எழுதப் போற. கணக்குல புலிதான் போ.”

அக்காவுக்கு போன் செய்து எல்லாம் சொன்னேன்.

“அப்போ எனக்குக் கிடைக்குமாடி?”

“கிடைக்கும்னு சொல்லலைக்கா. கிடைக்கலாம்.”

“உனக்குப் போயிருமே.”

“போயிரலாம்.”

வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எழுது என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மேனேஜருக்கு எழுதினேன்: எட்டு பேருக்கு வாய்ப்பே இல்லாத குலுக்கல் இது, வீடு கிடைத்தவளான நானே ரத்து செய்யக் கேட்கிறேன், எடுத்த வில்லையைப் பைக்குள் திரும்பப் போட்ட பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். கணக்கை அடியில் விரித்துக் காட்டினேன்.

கணவர் புது வீட்டுக்காகக் கட்டிலை அளந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. உறையை ஒட்டி, விளிம்பை விரலால் அழுத்தித் தேய்த்து, ஆலை வாசலிலிருந்த மனுப் பெட்டிக்குள் போட்டேன்.