இராக்கம்மா வாசலில் என் கை

எல்லாருக்கும் வணக்கம். சுகமாக இருக்கிறீர்களா? பிள்ளைகள் சுகமா? இங்கே நமுனுகுலப் பக்கம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் மூடுபனி விலகமாட்டேன் என்கிறது. என் முழங்காலுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாச்சு. மற்றபடி நன்றாக இருக்கிறேன். போனில் ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை கருவாட்டுக் குழம்பு எழுதினேன், நிறையப் பேர் செய்து பார்த்ததாகச் சொன்னீர்கள். இந்தத் தடவை சமையல் இல்லை. இராக்கம்மாவுக்கு நடந்ததைச் சொல்லப்போகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பன்னிரண்டு வீடு, ஒரே வரிசை. கடைசி வீடு, தண்ணிக் குழாய்ப் பக்கம் இருப்பது, இராக்கம்மாவுடையது. புருஷன் இல்லை. மகன் கஜேந்திரன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், அவன் படுப்பதும் அந்தக் கடைக்குள்ளேதான். இராக்கம்மா என்னைவிட இளையவள், இன்னும் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் தோட்டத்தில் வேலைப் பதிவில் பேர் இருந்தால்தான் குடியிருக்கக் காம்பரா. பேர் போனால் காம்பராவும் போகும். அதனால் அவள் எப்படியாவது ஓய்வு வயது வரைக்கும் தள்ளிவிட வேண்டும் என்று இருந்தாள். அதற்குப் பிறகு மகன் கொழும்பில் ஒரு அறை பார்ப்பதாகச் சொல்லியிருந்தான்.

இதில் ஒரு சிக்கல். போன வருஷம் மழையில் தண்ணி ஓடுகிற கான் ஓரம் வழுக்கி விழுந்ததில் அவளுடைய வலது கை போய்விட்டது. பார்த்தால் கை இருக்கும். விரலில் பிடி இல்லை. பதுளை ஆஸ்பத்திரிக்கும் போனோம், நரம்பு என்று சொல்லி எண்ணெயும் மாத்திரையும் கொடுத்தார்கள். இடது கையால் அவள் பறிக்கிற கொழுந்து ஆட்டுக்குப் போடக்கூடக் காணாது.

என் மருமகள் விதுர்ஷாவும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும்தான் அவள் கூடையை நிரப்பினார்கள். தங்கள் கூடையிலிருந்து ஒரு கை, இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். மடுவத்தில் கொழுந்தை நிறுக்கிறபோது இராக்கம்மாவுக்கும் முழுப்பேர், முழு நாள் சம்பளம், விழும். கணக்கப்பிள்ளை ஜீவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அரைப்பேர், அப்புறம் டாக்டர் கடிதம், அப்புறம் வீட்டுக்கு அனுப்பல்.

மார்கழி வந்ததும் இன்னொரு கவலை. வாசலில் கோலம் இல்லாவிட்டால் "என்னா இராக்கு, கைக்கு என்னா?" என்று நாலு பேர் கேட்பார்கள். கேள்வி நடந்து நடந்து ஆபீசு வரைக்கும் போகும். அதனால் விடியுமுன் நான் போய் அவள் வாசலில் போட்டுவிட்டு வந்து என் வாசலில் போடுவேன். என் வாசலில் தாமரை என்றால் அவள் வாசலில் சிக்குக் கோலம். ஒரே கை என்று தெரியக்கூடாதே.

அந்த மார்கழியில்தான் சுதர்ஷினி வந்தாள்.

சுதர்ஷினி எங்கள் லயத்துப் பிள்ளை. அவள் அம்மா குவைத்துக்குப் போனபோது இது இடுப்பளவு உயரம். அவள் பெரியம்மா என்று கூப்பிடுகிற இராக்கம்மாதான் சோறு போட்டு, பேன் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். இப்போது பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்ன படிப்பு என்று கேட்டேன்.

"மானிடவியல் அம்மாயி. மனுசங்க எப்படி ஒண்ணுமண்ணா இருக்காங்க, எதுக்கு ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்றாங்க, அதைப் படிக்கிறது."

"அதைப் படிக்க எதுக்குடி அம்புட்டுத் தூரம் போன? குழாயடியில நின்னாப் போதாதா?" என்றாள் விதுர்ஷா.

"அதான் திரும்பி வந்துட்டேன்ல மதினி."

தினமும் காலையில் பன்னிரண்டு வாசலையும் போனில் படம் பிடிப்பாள். பிறகு வீடு வீடாக வந்து கேள்வி கேட்பாள். அரிசி தீர்ந்தால் யாரிடம் போவீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரை எழுப்புவீர்கள், இப்படி. மூன்றாம் வீட்டு வடிவம்மா, "சீனி தீந்தாலும் நாலாம் வீடு, சண்டை புடிக்கணும்னாலும் நாலாம் வீடு, ரெண்டையும் எழுதிக்க" என்றாள். சுதர்ஷினி சிரிக்காமல் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

படத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போட்டால் அது கோலத்தைப் புள்ளி புள்ளியாக, வளைவு வளைவாகப் பிரித்துவிடுமாம். எந்தக் கோலம் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று பார்க்குமாம். கோலம் கைமாறுகிற வீடுகளுக்குள்தான் அரிசியும் கைமாறுகிறது, அதுதான் அவள் கண்டுபிடிக்க நினைத்தது. நல்ல விஷயம்தானே என்று நாங்களும் இருந்தோம்.

ஒரு நாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். திரையில் பன்னிரண்டு வட்டம், ஒவ்வொன்றும் ஒரு வாசல், ஒவ்வொரு கைக்கும் ஒரு நிறம்.

"அம்மாயி, உங்க கை பச்சை நிறம். பச்சை ரெண்டு வாசல்ல இருக்கு. உங்க வாசல்ல, பெரியம்மா வாசல்ல."

"நான் வேற வேற கோலம்ல போட்டேன்."

"கோலம் வேறதான். வளைவு திரும்புற இடத்துல நீங்க கையை ஒரு அழுத்து அழுத்துறீங்க. எல்லாப் படத்துலயும் இருக்கு. பெரியம்மா ஒரு நாள்கூடப் போடல. ஏன்?"

 அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி எழுந்து போனேன். சுதர்ஷினி நேரே இராக்கம்மா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

இராக்கம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, கையை நீட்டிக் காட்டினாள். கூடை நிரப்புவது யார், எப்படி, எல்லாம் சொன்னாள்.

"உனக்குத் தெரியாம எனக்கு என்னாடி இருக்கு. வெளிய மட்டும் போகக்கூடாது. போனா இந்தக் காம்பரா இல்ல."

சுதர்ஷினி அந்த மரத்த விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை, நான் பார்த்தேன். "உங்க வாசலை எடுத்துர்றேன் பெரியம்மா. பன்னெண்டு பதினொண்ணாகும், அவ்வளவுதான். நான் எப்படி வெளிய சொல்லுவேன்?"

இராக்கம்மா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். நானும்தான்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் கூட்டம். கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் என்றாலும் எங்கள் தோட்டத்தில் பெரிய ஹால் அதுதான். சுதர்ஷினியின் பேராசிரியை வந்திருந்தார். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை வந்தார், ஜீவன் வந்தான். எங்களையும் கூப்பிட்டு முன் வரிசையில் உட்காரவைத்து, தின்னப் பணிஸ் கொடுத்தார்கள். இராக்கம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி வந்திருந்தாள். வளர்த்த பிள்ளை பேசப்போகிறாள் இல்லையா.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. வட்டங்கள் வந்தன. எனக்கு எண்ணத் தெரியும். பன்னிரண்டு.

சுதர்ஷினி நன்றாகத்தான் பேசினாள், கொஞ்சம் தமிழ், கொஞ்சம் சிங்களம், துரைக்காகக் கொஞ்சம் இங்கிலீஷ். முதலில் எல்லாக் கோலத்தையும் காட்டினாள். எங்கள் பெண்கள் தங்கள் தங்கள் கோலத்தைப் பார்த்து இடித்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு கடைசி வட்டத்தைப் பெரிதாக்கினாள்.

"இந்த வாசல்ல வீட்டுக்காரரோட கை ஒரு நாள்கூட இல்ல. இன்னொரு வீட்டுக் கைதான் இருக்கு. ஏன்னு விசாரிச்சேன். இவங்களுக்குக் கை முடியாது. கோலத்தை ஒருத்தர் போடுறாங்க. மலையில இவங்க கூடையை மூணு பேரு நிரப்புறாங்க. கோலத்துல கம்ப்யூட்டர் பார்த்த கூட்டுறவு, கொழுந்துலயும் அப்படியே இருக்கு. என் ஆராய்ச்சியோட இதயமே இந்த வாசல்தான்."

பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பன்னிரண்டாவது வாசல் யாருடையது என்று எங்கள் தோட்டத்து நாய்க்கும் தெரியும்.

பேராசிரியை கை தட்டினார். துரையும் தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். இராக்கம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், பாதிதான் விளங்கியிருக்கிறது. எல்லாரும் தட்டுகிறார்களே என்று அவளும் இடது கையால் தொடையில் தட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். நிமிர்ந்தபோது ஜீவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிறபோது, இராக்கம்மாவை மட்டும் தனி மலைக்கு அனுப்பினான். விதுர்ஷா சும்மா இருக்கவில்லை.

"எங்க கூட்டத்துல தானே எப்பவும் வருவாங்க?"

"நீங்க மூணு பேரும் உங்க கூடையை மட்டும் பாருங்க. தொரை சொல்லிட்டாரு. நான் என்னா செய்யட்டும்?" என்றான். அவன்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவன் வேலை அது. கணக்கப்பிள்ளை நமக்குச் சோறு போட்டு வளர்த்த பிள்ளையா?

அன்றைக்கு அரைப்பேர். அடுத்த நாளும் அரைப்பேர். அந்த வாரமே டாக்டர் கடிதம் கேட்டார்கள். கடிதம் வந்தது, பேர் வெட்டுப்பட்டது. காம்பராவை மாதக் கடைசியில் விட்டுவிட வேண்டும் என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. யூனியன் தலைவரிடம் போனோம். "கை சரியில்லன்னு டாக்டரே எழுதிட்டாரே அம்மா, நான் எதை வச்சுப் பேசுறது?" என்றார்.

நான் சுதர்ஷினிக்குப் போன் போட்டேன். இராக்கம்மா என் பக்கத்தில்தான் இருந்தாள், சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"எடுத்துர்றேன்னு சொன்னியேடி."

"பேர் போடலையே அம்மாயி."

"பேர் எதுக்கு? நம்ம லயத்துப் படத்தைச் சுவத்துல போட்டுட்டுப் பேர் போடலேங்குற."

 சுதர்ஷினி மெதுவாகச் சொன்னாள்: "எடுத்துத்தான் பார்த்தேன். அந்த வாசலை எடுத்தா மிச்சம் எல்லாம் சாதாரணமா இருந்துச்சு. எந்த லயத்துக்குப் போனாலும் அப்படித்தான் இருக்கும். மேடம், இதுல புதுசா ஒண்ணும் இல்லையேன்னாங்க. நான் நல்லதாத்தானே சொன்னேன், நம்ம ஆளுங்களைப் பத்திப் பெருமையா. தொரையும் கை தட்டினாரே."

"சரி, நடந்தது நடந்துருச்சு. இப்ப ஒண்ணு செய். நாளைக்கே வந்து தொரைகிட்ட, கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லிருச்சு, அது வேற லயத்துப் படம்னு சொல்லு. நீ சொன்னா அவரு கேப்பாரு. டாக்டர் கடிதத்தை நாங்க பாத்துக்கிறோம்."

"அம்மாயி, அப்படி எப்படிச் சொல்றது? தப்புன்னு நானே சொன்னா முழுசும் பொய்யாப் போயிடும். அடுத்த மாசம் வெளிநாட்டுல இதைத்தான் பேசப்போறேன்."

"அவ குடியிருக்க இடமில்லாமப் போறாடி."

"பெரியம்மாவுக்கு நான் பார்த்து ஏதாவது செய்றேன். இப்ப வகுப்பு இருக்கு, அப்புறம் எடுக்கிறேன்."

அப்புறம் என்பது இன்னும் வரவில்லை.

இராக்கம்மா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"கேட்டிருந்தா நானே போடுன்னு சொல்லியிருப்பேன்க்கா. அவ கேட்டா எனக்கு இல்லேன்னு சொல்ல வராது. அது அவளுக்கும் தெரியும். அப்புறமும் கேக்கல பாருங்க."

   துரை மேல் கோபப்படலாம், ஜீவன் மேல் கோபப்படலாம், அவர்கள் எப்போதும் அந்தப் பக்கம். இவள் நம் பாயில் படுத்து எழுந்தவள். மூன்று பெண்கள் ஒரு வருஷமாக ஒரு சொல் வெளியே விடாமல் காப்பாற்றியதை, நம் பெருமை என்று சொல்லிச் சுவரில் ஏற்றிவிட்டாள். எங்கள் ஒற்றுமையைப் படிக்க வந்தவள் படித்து முடித்ததும் அந்த மூன்று பேரையும் மூன்று மலைக்குப் பிரித்துவிட்டார்கள். விதுர்ஷா இப்போது மேல் பிரிவுக்குப் போகிறாள், ஒருத்தருக்கொருத்தர் பகலில் முகம் பார்ப்பதில்லை.

மாதக் கடைசியில் இராக்கம்மா மொனராகலைக்குப் போனாள். அங்கே அவள் தங்கச்சி மகள் வீட்டுச் சுவரோடு ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பதுளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நானும் விதுர்ஷாவும் போய் ஏற்றிவிட்டோம். கஜேந்திரனுக்கு லீவு கிடைக்கவில்லை. மூட்டையை ஏற்றுகிறபோது கண்டக்டர், "கைய நல்லாப் புடிங்க அம்மா, வளைவு ரோடு" என்றான். அவள் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாறேன்க்கா" என்றாள். வரமாட்டாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இரண்டு வாரத்தில் அந்தக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. நல்ல ஆட்கள்தான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சுதர்ஷினி போன வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அடுத்த மார்கழிக்கு ஒரு குழுவோடு வரலாமா, லயத்தில் கேட்டுச் சொல்லுங்கள் அம்மாயி என்று. நான் கேட்டேன். பதினொரு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டாவது வீட்டுக்கு விஷயம் தெரியாது, அவர்களும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். அதை அப்படியே எழுதி அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை.

உங்கள் பக்கத்திலும் நம்ம பிள்ளை என்று நம்பி உள்ளே விட்டு இப்படி ஆனது உண்டா? பேர் போடாமல், உங்களுக்கு எழுத முடிந்த அளவுக்கு எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையோடு எப்படிப் பேசினீர்கள், பேசினீர்களா என்பதையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இராக்கம்மாவுக்குப் போன் எடுக்கிறேன். நீங்கள் எழுதுவதை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன், கொஞ்சம் சத்தமாகத்தான் வாசிக்க வேண்டும்.