பாதிச் செபம்

என் மச்சானுக்குப் பீரங்கி என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். அவர் கப்பல் பட்டறையில் வெல்டர். அவர் இக்கரையில் தும்மினால் அக்கரையில் நிற்கிற கப்பல் பயந்துபோய் நங்கூரத்தைத் தூக்கிவிடும். நம்பாதவர்கள் கப்பலையே கேட்டுக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்டவர் பக்கவாதம் தாக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சுதான் போய்விட்டது. திரும்ப வருமா என்று கேட்டால் டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

என் மனைவிக்கு ஒரே அண்ணன். "என்னைத் திட்டுறதுக்காவது வாயத் திறக்க மாட்டேங்குறாரே" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்று மணி ஆயிற்று. இறை இரக்கச் செபமாலை உருட்டும் நேரம். பூமி கவிழ்ந்தாலும் அதை விடமாட்டாள். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரே செபம்தான்; அவள் முன்பாதியைச் சொல்வாள், நான் பின்பாதியைச் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு; வீட்டில் மற்ற விஷயங்களுக்கும் இதேதான். அன்று அழுகையில் அவளால் ஆரம்பிக்க முடியவில்லை.

"நீங்க ஆரம்பிங்க."

நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என் விசிலுக்கு ரயிலே நின்றிருக்கிறது. ஆனால் நாக்கு பழகின தடத்தில்தான் ஓடியது. "எங்கள் மேலும் அகில உலகின் மேலும் இரக்கமாயிரும்."

"அது பின்பாதிங்க!"

"முன்பாதி என்ன?"

"இத்தன வருஷமா தூங்கிட்டா இருந்தீங்க?"

"பக்தியில கண்ண மூடியிருந்தேன்."

அழுகையினூடே முறைத்தாள். வேறு வழியில்லாமல் மறுபடியும் அதையே சொன்னேன். செபமாலையில் அவள் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு குரல்.

"இயேசுவின்... வேதனை மிகுந்த... பாடுகளைப் பார்த்து..."

திரும்பிப் பார்த்தேன். மச்சானின் கோணிய உதடு அசைந்துகொண்டிருந்தது.

"சின்ன வயசுல எங்க வீட்டுல அண்ணன்தாங்க ஆரம்பிப்பாரு" என்றாள் மனைவி, மூச்சுக் காற்றாக.

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். "உங்க பேர் என்ன, சொல்லுங்க?" மச்சான் திணறினார். ஒரு எழுத்துகூட வரவில்லை. கண்ணில் நீர் கோத்தது. என்னைப் பார்த்தார்.

நான் என் பாதியைச் சொன்னேன். அவர் தன் பாதியைச் சொன்னார், முழுதாக, தெளிவாக. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பக்கத்துக் கட்டில்காரர்களும் என் பாதியில் சேர்ந்துகொண்டார்கள். சுவர்கள் நடுங்கின என்று சொல்லத்தான் ஆசை, நடுங்கியது நாங்கள்தான்.

செபமாலை முடிந்தது. நிறுத்தினால் அந்தக் குரல் போய்விடுமோ என்று யாரும் ஆமென் சொல்லவில்லை. மனைவியின் விரல் முதல் மணிக்கு நகர்ந்தது. மச்சான் ஆரம்பித்தார்.