ஜன்னலோரத் துண்டு

ஒருநாள் சுற்றுலாவில் இருக்கை துண்டுக்குத்தான். ஆள் துணைக்கு வரலாம்.

அதனால் விடிந்ததும் எல்லோரும் வேனைச் சுற்றி நின்று ஜன்னல் வழியாகத் துண்டு வீசினார்கள். நானும் வீசினேன். என் துண்டு, முதலிலேயே ஏறிவிட்ட அக்காவுக்குப் பக்கத்தில், ஜன்னலோர இருக்கையில் விழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் ஏறி அதன்மேல் உட்கார்ந்தேன்.

அக்கா பெயர் ஜெபராணி. நாளைக்கு மஸ்கட் போகிறாள். நர்ஸ் வேலை. எப்போது திரும்புவாள் என்று தெரியாது. போவதற்கு முன் என்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் நான் இந்த வேனில் ஏறினேன். இல்லாவிட்டால் இப்படிப்பட்ட கூட்டத்தோடு நான் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டேன்.

"இப்ப சொல்லேன்."

"திரும்பி வரும்போது சொல்லுதேன். இப்ப சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவ. டூர் கெட்டுப் போவும்."

"கெடுறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட."

வழிகாட்டி பெயர் சொர்ணபாண்டி. மைக் இல்லாமல் அவரால் கொட்டாவிகூட விட முடியாது.

"இயற்கை அதிசயம் பாப்போம். மண்மணக்கும் சாப்பாடு சாப்பிடுவோம். கைவேலை பாப்போம். எல்லாத்தையும் அனுபவிச்சவங்க மட்டும் திரும்பி வரலாம். கைதட்டுங்க."

தட்டினார்கள். வேன் நிறைய ஆட்கள், ஒருவருக்கும் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. முன் இருக்கையில் இருந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் இரண்டு தடவை தட்டினார்.

அருவிக்குப் போனோம். அருவி மேலே பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தது. விழவில்லை.

"எல்லாரும் சத்தமா 'அருமை'ன்னு சொல்லணும். அப்பதான் விழும்," என்றார் சொர்ணபாண்டி.

"விழாத அருவிய எப்படி அருமைன்னு சொல்ல?"

"விழுந்த பெறவு யாருன்னாலும் சொல்லுவாங்களே, தம்பி. அதுல அருவிக்கு என்ன மரியாதை?"

எல்லோரும் கத்தினார்கள். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்த ஒருவர், அதைத் துப்பிவிட்டுக் கத்தினார். அருவி கொஞ்சம் யோசித்தது. பிறகு விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. கெஞ்சினால் வருகிற தண்ணீரில் குளிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒதுங்கி நின்று, தொப்பையோடு துள்ளுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா நடுங்கிக்கொண்டு வந்தாள். நான் ஓடிப்போய் வேனிலிருந்து என் துண்டை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் தலை துவட்டினாள். துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீதான் குளிக்க மாட்ட. இதாவது குளிக்கட்டும்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி அருவிக்குள் போனாள்.

"துண்டு குளிச்சாச்சு," என்றார் சொர்ணபாண்டி மைக்கில்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடை. அங்கும் பெஞ்சில் துண்டு போட்டால்தான் இடம். போட்டேன். வாளியோடு ஒருவர் வந்து இலை முன்னால் குனிந்தார்.

"இந்தச் சொதி எங்க ஊர்ல மட்டுந்தான் கெடைக்கும்."

"எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை கெடைக்குது, அண்ணாச்சி."

வாளி அவர் கையிலிருந்து இறங்கி, தானாகச் சமையலறைக்குள் நடந்து போய்விட்டது. அவர் பின்னாலேயே ஓடினார். வரிசை முழுக்க என்னை முறைத்தது.

"மானத்த வாங்காத, டைட்டஸ்," என்றாள் அக்கா.

எழுந்து வெளியே போனேன். தேங்காய்ப்பாலுக்கு இவ்வளவு கௌரவமா? வாசலில் நின்று அந்தக் கடையின் பெயர்ப்பலகையைக் கேவலமாகப் பார்த்தேன். பலகை திரும்பிக்கொண்டது. நான் உள்ளே வந்தபோது என் இலை மூடியிருந்தது. துண்டின் ஓரத்தில் மஞ்சள் கறை.

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சி. பரிமாறுன அண்ணாச்சிக்கு அம்புட்டு சந்தோசம்," என்றாள் அக்கா.

"துண்டு எப்படிச் சாப்பிடும்?"

"கொற சொல்லாம."

சாயங்காலம் பனையோலைப் பெட்டி பின்னுகிற இடம். நீளமான ஓலைக்கொட்டகை. நாங்கள் நடக்க நடக்க அது நீண்டது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். அசையாமல் நின்று பார்ப்பவர்களைச் சுற்றியே பின்னிவிடுவார்கள். தலைமையாசிரியர் அசையாமல் நின்று பார்த்தார்.

"ஏங்க, உள்ள காத்து வருதா?" என்று அவர் மனைவி பெட்டியைத் தட்டிக் கேட்டார்.

"அருமை," என்றது பெட்டி. அம்மையார் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் நிற்கவே இல்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"இந்தப் பெட்டியில என்னத்த வைப்பாங்க?"

"ஆசப்பட்டவங்கள," என்றார் பின்னிக்கொண்டிருந்த முத்துக்கனி. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவின் தோளில் என் துண்டு அசையாமல் கிடந்தது. அதன் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி பின்னி, ஓரத்தில் சிவப்பு ஓலை வைத்துக் கொடுத்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. அக்கா ஏறிவிட்டாள். நான் படியில் கால் வைத்தேன். சொர்ணபாண்டி கையை நீட்டி மறித்தார்.

"நீங்க யாரு?"

"ஜன்னலோர சீட்டு."

"அந்த சீட்டுல ஆள் இருக்கே."

எட்டிப் பார்த்தேன். என் துண்டு உட்கார்ந்திருந்தது. மடியில் பெட்டி.

"அது என் துண்டு."

"அது அருவியில குளிச்சிது. சொதி சாப்பிட்டுது. பெட்டி வாங்கிச்சி. நீங்க என்ன செஞ்சீய?"

யோசித்தேன். காலையிலிருந்து நான் செய்தது ஒன்றுதான். முகம் சுளித்தேன்.

"அக்கா! நீயாவது சொல்லு!"

அக்கா இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கோபமாக இல்லை. களைப்பாக இருந்தாள்.

"ஒனக்குத்தான் ஒண்ணுமே பிடிக்கலையே, டைட்டஸ். எதுக்குல ஒன்னப் போட்டு வதைக்கணும்?"

"எங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னியே!"

"சொல்லிருதேன்," என்றாள். துண்டைப் பார்த்துச் சொன்னாள்.

கதவு மூடியது. காலையில் துண்டு நுழைந்த ஜன்னலும் மூடியிருந்தது. நான் அதற்கு நேராகப் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் உதடு அசைந்தது. நிறைய நேரம் அசைந்தது. ஒன்று என்றுதான் சொல்லியிருந்தாள், அது ஒன்று மாதிரி இல்லை. துண்டு குறுக்கே பேசவில்லை. அக்கா நடுவில் நிறுத்தி, துண்டின் காய்ந்த பக்கமாகப் பார்த்து எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மிச்சத்தையும் சொன்னாள்.

உதட்டைப் படிக்கப் பார்த்தேன். ஒரு சொல் தவறினாலும் போய்விடும். அதனால் அசையவில்லை.

கணுக்காலில் ஓலை உரசியது. முத்துக்கனி.

வேன் கிளம்பியது. ஜன்னலோரத்தில் துண்டு என் பக்கம் திரும்பி ஒருமுறை ஆடியது. மரியாதைக்குத்தான். ஊர் திரும்புகிற யாரும் செய்வது.

ஓலை முழங்காலுக்கு வந்துவிட்டது. சாலையில் புழுதி மட்டும் இருந்தது. நான் அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டூரு எப்படி இருந்திச்சி?" என்றார் முத்துக்கனி.

"அருமை."

"கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். தூரத்தில் அருவி விழுந்தது.